சொல்ல வேண்டிய ஆள்

நட்சத்திர நகரம்
செப்டம்பர் 18

கிளெப் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். ஞாயிறுதோறும் அம்மாவோடு போனில் பேசுவதால் அவளுடைய முழங்கால் வலியிலிருந்து இந்த வருஷத்து செர்ரி ஜாம் அடிப்பிடித்தது வரை எல்லாம் எனக்குத் தெரியும். உங்களைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது. போனை எடுத்து அம்மா கையில் கொடுக்கும்போது நீங்கள் இருமுவது மட்டும் கேட்கும்.

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். ஒரு காரியமாகத்தான்.

அடுத்த மே மாதக் கடைசியில் விண்வெளி நிலையத்துக்குக் கிளம்பும் குழுவில் என் பெயர் முடிவாகிவிட்டது. விண்கலத்துக்கு நான்தான் தலைவி. கூட வருகிறவர்கள் இரண்டு பேர்: டென்மார்க்கிலிருந்து லாஸே, அமெரிக்காவிலிருந்து வெண்டல். ஆறு மாதம் மேலே இருக்க வேண்டும்.

எங்கள் குழு மருத்துவர் ஸோயா ஒரு படிவம் கொடுத்திருக்கிறார். இரண்டே கேள்விகள். நீங்கள் மேலே இருக்கும்போது வீட்டில் ஒரு மரணமோ பெரிய ஆபத்தோ நேர்ந்தால் உடனே சொல்லலாமா, திரும்பி வந்த பிறகு சொல்ல வேண்டுமா? இது முதலாவது. அந்தச் செய்தியை யார் சொல்ல வேண்டும்? இது இரண்டாவது. லாஸே அரை நிமிடத்தில் நிரப்பினான்: உடனே, மனைவி. வெண்டல் ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, 'திரும்பி வந்த பிறகு' என்று எழுதிக் கொடுத்தான்.

முதல் கேள்விக்கு என் பதில் என்ன என்று உங்களுக்குத் தெரியும். விண்வெளி வீரர் தேர்வுக்காக என்னை மூன்று வாரம் மருத்துவமனையில் அடைத்து வைத்திருந்தபோது அப்பா இறந்தார். நீங்கள் சொல்லவில்லை. தேர்வாகிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் கையில் கேக்கோடு வீட்டுக்குள் நுழைந்தேன். சாவு வீட்டு வழக்கப்படி கண்ணாடிக்குத் துணி போட்டு மூடியிருந்தது. அடக்கம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

இரண்டாவது கேள்விக்கு எனக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை. அம்மாவுக்குக் காது பாதிதான் கேட்கிறது. மிச்சம் நீங்கள் ஒருவர். உங்கள் பெயரை எழுதக் கை வரவில்லை; வேறு பெயரும் இல்லை. சம்மதமா இல்லையா என்று ஒரு வரி எழுதினால் போதும். மே மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.
வார்வரா


கினேஷ்மா
அக்டோபர் 4

அன்புள்ள வார்யாவுக்கு,

நலமா? இங்கே நாங்கள் நலம். இருமல் சிகரெட்டினால் வருவது, கவலைப்படாதே. அம்மா உனக்குக் கம்பளிக் காலுறை பின்னுகிறாள். விண்வெளியில் குளிருமா என்று என்னைக் கேட்டாள். மாட்டு டாக்டருக்கு என்ன தெரியும் என்றேன். அதற்கும் திட்டினாள்.

கடிதத்தில் என்னை 'நீங்கள்' என்று எழுதி, கீழே 'வார்யா' இல்லாமல் முழுப்பெயரும் போட்டிருக்கிறாய். என் புது சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் வோல்கா பனிக்கட்டியில் சறுக்கவிட்டு, சக்கரத்தை எட்டாக மடித்துக்கொண்டு வந்து நின்றாயே, அன்றுகூட எனக்கு இத்தனை மரியாதை கொடுக்கவில்லை.

தலைவி என்று படித்ததும் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் வேலை செய்யும் இடத்தில் காட்டினேன். ஒரு கிழவி, காது சீழ் பிடித்த நாயோடு வந்திருந்தவள், "உங்க தங்கச்சியா? உங்களைப் பாத்தா தெரியலியே" என்றாள். நாய்க்கு ஊசியைக் கொஞ்சம் மெதுவாகவே போட்டேன்.

ஒரு வரி போதும் என்றாய். அந்த வரி இது: என் பெயரைப் போடாதே. அந்த வேலைக்கு லாயக்கில்லாதவன் என்று ஒருமுறை காட்டிவிட்டேன். அந்த மருத்துவரம்மா பெயரையே போட்டுவிடு.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவின் முத்தங்கள்.
கிளெப்


நட்சத்திர நகரம்
நவம்பர் 12

கிளெப்புக்கு,

நலம். உங்கள் இருவர் நலமும் தெரிந்து நிம்மதி. காலுறை வந்தது, சரியாக இருக்கிறது. விண்வெளி நிலையத்தில் ஷூ போடுவதில்லை, காலுறைதான், அதனால் வீண்போகாது என்று அம்மாவிடம் சொல்.

பார், 'சொல்' என்று எழுதிவிட்டேன். 'நீங்கள்' என்பதை இதற்கு மேல் இழுக்க முடியவில்லை.

வேலை இடுப்பை ஒடிக்கிறது. போன வாரம் இருக்கைக்கு அச்சு எடுத்தார்கள். தொட்டி மாதிரி ஒன்றில் முழங்கால் நெஞ்சில் முட்டக் குந்தவைத்து, முதுகைச் சுற்றி வெதுவெதுப்பாகச் சாந்து ஊற்றுவார்கள். இறுகும்வரை மூச்சைக்கூட அளந்து விட வேண்டும். திரும்பி வரும்போது கலம் தரையில் மோதும் அடி முழுக்க முதுகுக்குத்தான் என்பதால், ஒரு விரல் இடைவெளிகூட இருக்கக் கூடாது. தலைமாட்டில் மட்டும் கொஞ்சம் இடம் விட்டார்கள். மேலே போனால் முதுகெலும்பு நீண்டு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வளர்ந்துவிடுவோமாம்.

சிமுலேட்டரில் தினமும் நான்கு மணி நேரம். புகை, காற்றுக் கசிவு, ரேடியோ ஊமை என்று மூன்று கோளாறுகளை ஒரே சமயத்தில் அவிழ்த்துவிடுகிறார்கள். நான் நடுவில், இரண்டு பக்கமும் அவர்கள். எல்லாமே நம் ரஷ்ய மொழியில்தான் பேச வேண்டும். வெண்டலுக்கு அதுதான் கஷ்டம். 'எழுதுகிறேன்' என்ற சொல்லில் அழுத்தம் இடம் மாறினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். சாப்பாட்டு அறையில் எல்லோரும் கேட்க, "நான் தினமும் தவறாம என் பொண்டாட்டிக்கு மூத்திரம் போறேன்" என்றான். சூப் பரிமாறும் அம்மாள் அகப்பையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உன் பெயரைப் போட வேண்டாம் என்கிறாய். சரி. ஆனால் ஒன்று. அந்த நாளுக்குப் பிறகு உன்னைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன், கதவை அறைந்திருக்கிறேன். கேள்வியாக ஒருமுறையும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். ஏன் சொல்லவில்லை?

இருமலுக்கு மருந்து சாப்பிடு. மாட்டு மருந்து வேண்டாம்.
வார்யா


கினேஷ்மா
டிசம்பர் 20

அன்புள்ள வார்யாவுக்கு,

நலமா? நாங்கள் நலம். வோல்கா முழுக்க உறைந்துவிட்டது. பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. மூன்று பண்ணைகளில் கன்றுகளுக்குக் கழிச்சல்.

வெண்டல் விஷயத்தை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு முட்டைக்கோஸ் பையில் முகத்தை வைத்துக்கொண்டு கால்மணி நேரம் குலுங்கினாள். அந்தப் பிள்ளைக்கு ஊறுகாய் வெள்ளரிக்காய் அனுப்பட்டுமா என்கிறாள்.

நீ கேட்டதற்குப் பதில். முதல் தடவை தேர்வுக்குப் போய் காதில் ஏதோ குறை என்று திருப்பி அனுப்பப்பட்டு வந்தாயே, நினைவிருக்கிறதா? நாற்பது நாள் நீ யாரோடும் பேசவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டபோது உனக்கு முப்பத்திரண்டு வயது. நடுவில் வெளியே வந்தால் மூன்றாம் தடவை கூப்பிட மாட்டார்கள் என்று நீயே சொல்லியிருந்தாய். அப்பா போய்விட்டார்; அவரைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. உன் வாய்ப்பையும் ஏன் சேர்த்துப் புதைக்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

புது வருஷத்துக்கு வர முடியாது என்று அம்மா சொன்னாள். பரவாயில்லை. உன் தட்டை எடுத்து வைப்பாள், வழக்கம்போல.

குளிரில் தலையை மூடிக்கொண்டு போ.
கிளெப்


நட்சத்திர நகரம்
பிப்ரவரி 9

அண்ணா,

நலமா? அம்மா நலமா? நான் நலம். விரல் நுனிகளில் மட்டும் இன்னும் உணர்ச்சி சரியாகத் திரும்பவில்லை. பத்து நாளில் சரியாகிவிடும் என்கிறார்கள்.

காட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தோம். கலம் இலக்குத் தவறி எங்காவது காட்டில் இறங்கிவிட்டால், மீட்புக் குழு வந்து சேரும்வரை மூன்று பேரும் உயிரோடு இருக்கத் தெரிய வேண்டும். இரண்டு நாள். கலத்தில் இருக்கும் சாமான்கள் மட்டும். மைனஸ் இருபத்து மூன்று.

இரண்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு ரேடியோவில் ஸோயா கூப்பிட்டார். "வார்வரா, நீ மட்டும் கேளு" என்றார். லாஸேவின் மகள் சிக்னெ, ஏழு வயது, சறுக்கும்போது விழுந்து தலையில் அடி. அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. பனிவண்டி எங்களிடம் வந்து சேர மூன்று மணி நேரம் ஆகும். "இப்பச் சொல்றதா, வண்டி வந்தப்புறம் சொல்றதா, தலைவி நீதான். முடிவு பண்ணு."

லாஸே பத்தடி தள்ளி கோடாலியால் கிளை வெட்டிக்கொண்டிருந்தான். முந்தின நாள் வழுக்கி விழுந்து தன் காலையே வெட்டிக்கொள்ள இருந்தவன். மூன்று மணி நேரம் அவனால் எங்கேயும் போக முடியாது, யாரோடும் பேச முடியாது. தெரிந்து என்ன செய்வான்?

"என்ன சொன்னாங்க?" என்றான்.

"சாயங்காலம் பனி பெய்யுமாம்" என்றேன்.

மூன்று மணி நேரம். அந்த நேரத்தில் அவன் என்ன பேசினான் என்று நினைக்கிறாய்? சிக்னெவுக்கு முன்பல் விழுந்த கதை. பல்லை ஒளித்து வைத்துவிட்டு, தேடிக் கண்டுபிடி என்று அப்பனைச் சுற்ற விட்டாளாம். வெண்டல் சிரித்தான். நானும் சிரித்தேன், அண்ணா. கூடாரத்துக்காகப் பாராசூட் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டே சிரித்தேன்.

வண்டி வந்தது. ஸோயா அவனைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னார். திரும்பி வந்து என் முன்னால் நின்றான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பதினோரு மணிக்கு."

கையுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான், ஏறிப் போய்விட்டான்.

குழந்தை பிழைத்துவிட்டாள். பன்னிரண்டு நாள் கழித்து லாஸே திரும்பி வந்து நேரே என் கதவைத் தட்டினான். கையில் ஒரு டப்பா பிஸ்கட். "கோபமா இருக்கியா?" என்று கேட்டேன். "ஆமா. இன்னும் இருக்கு" என்று உட்கார்ந்தான். இரண்டு பிஸ்கட் தின்றான். பிறகு சொன்னான்: "அடுத்த தடவை முதல்ல கோடாலிய வாங்கி வெச்சுக்கோ. உடனே சொல்லு. அழறதா வேண்டாமான்னு நான் பாத்துக்கறேன்."

அந்த மூன்று மணி நேரத்தை நாள்கணக்காக நீட்டிப் பார்த்தேன். அதில் நீ இருந்தாய். வேறு யாராலும் எனக்கு இதைப் புரியவைத்திருக்க முடியாது. ஆறு வருஷமாக உன்னை நிறுத்தி வைத்திருந்த இடத்தில் இப்போது நானே நின்று பார்த்துவிட்டேன். மன்னிக்க ஒன்றுமில்லை அண்ணா. உன் பெயரை எழுதப் போகிறேன்.

ரொம்ப நாள் கழித்து உன்னைக் கூப்பிடும்
வார்யா


கினேஷ்மா
பிப்ரவரி 17

வார்யா,

நீ நலமாக இருக்க வேண்டும். விரல்களில் வாத்துக் கொழுப்பைத் தடவு.

'அண்ணா' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு வெளியே போய்ப் பனியை வாரிக்கொண்டிருந்தேன். வாசலில் வார ஒன்றும் இல்லாமல் போனதும் தெருவில் வாரினேன். உள்ளே வந்து, இந்தக் கடிதத்தை எழுதாமல் விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். விட்டால் நீ என் பெயரைப் போட்டுவிடுவாய்.

போடாதே. நீ மறைத்ததும் நான் மறைத்ததும் ஒன்றல்ல.

அப்பா போன பிறகு சொல்லவில்லை என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். டிசம்பரில் நான் எழுதியதும் அப்படிப்பட்ட பாதி உண்மைதான். அவருக்கு மாரடைப்பு வந்தது ஞாயிறு காலையில். போனது செவ்வாய் மாலையில். இடையில் இரண்டு நாள் மருத்துவமனையில் நல்ல நினைவோடு இருந்தார்.

ஞாயிறு மத்தியானம், "வார்யாவைக் கூப்பிடு" என்றார். "கூப்பிட்டுட்டேன்பா" என்றேன். கூப்பிடவில்லை.

திங்கள் கேட்டார்: "எந்த ரயில்ல வரா?"

"காலை ரயில்" என்றேன். திங்கள் மாலை நீ மாஸ்கோவில் ஏறியிருந்தால் அந்த ரயிலில் வந்திருப்பாய். எனக்குத் தெரியும். போன் கையிலேயே இருந்தது. பிழைத்துவிடுவார், பிழைத்த பிறகு எல்லோருமாகச் சிரிக்கலாம் என்று நினைத்தேன். நம்பினேனா, நம்ப விரும்பினேனா, இன்றுவரை தெரியவில்லை.

செவ்வாய் காலை, "ரயில் லேட்டா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்பச் சவரம் பண்ணிவிடு. தாடியோட பாத்தா புள்ள பயந்துக்கும்" என்றார்.

பண்ணிவிட்டேன், வார்யா. சோப்பு நுரைத்து, நிதானமாக. கழுத்தைத் தூக்கிக் காட்டினார்.

அம்மா அப்போது மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போயிருந்தாள். அவளுக்கு இது தெரியாது. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
கிளெப்


கினேஷ்மா
மார்ச் 25

அன்புள்ள வார்யாவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ சீக்கிரம் போனை வைத்துவிடுகிறாய் என்று அம்மா குறைப்பட்டுக்கொள்கிறாள். பரீட்சைகள் நெருங்குகின்றன என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதுவும் உண்மையாக இருக்கட்டும்.

பனி உருகத் தொடங்கிவிட்டது. ஒரு பசு இரட்டைக் கன்று போட்டது, இரண்டும் பிழைத்தன. இருமல் குறைந்திருக்கிறது, சிகரெட்டை விட்டுவிட்டேன், நாற்பது நாளாகிறது.

நன்றாக இரு.
கிளெப்


நட்சத்திர நகரம்
ஏப்ரல் 16

கிளெப்,

நான் நலம். அம்மாவும் நீயும் நலமா? அவளோடு பேசும்போது குரல் நடுங்கிவிடுமோ என்றுதான் சீக்கிரம் வைத்தேன்.

எட்டு வாரம் எழுதவில்லை. எழுதினேன், அனுப்பவில்லை. முதல் கடிதம் நான்கு பக்கம் வசவு. இரண்டாவது ஒரே வரி, அதுவும் வசவு. மார்ச்சில், கலம் கிளம்பும்போது அழுத்தும் விசைக்குப் பழக்க, சுழல் எந்திரத்தில் உட்காரவைத்தார்கள். நெஞ்சில் எட்டு ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். மூச்சை வயிற்றால் இழுத்து, எதிரே தெரியும் எழுத்துகளைச் சத்தமாகப் படிக்க வேண்டும். படித்துக்கொண்டே வந்தவள், கழுத்தைத் தூக்கிக் காட்டினார் என்று நீ எழுதியது நினைவுக்கு வந்து நிறுத்திவிட்டேன். எந்திரத்தையும் நிறுத்திவிட்டார்கள். மயக்கமா என்று கேட்டார்கள். இல்லை, துக்கம் என்றேன். ஸோயா அறிக்கையில் என்ன எழுதினாரோ தெரியாது. மறுநாள் மறுபடி உட்காரவைத்தார், முழுக்கப் படித்தேன்.

படிவத்தில் ஸோயாவின் பெயரை எழுதினேன். கொடுக்கவும் போனேன். வழியில் லாஸே நீச்சல்குளத்திலிருந்து வந்துகொண்டிருந்தான். விண்வெளி உடையைப் போட்டு நாள் முழுக்க நீருக்கடியில் வேலை செய்துவிட்டு, விரலெல்லாம் ஊறிச் சுருங்கி. அவனிடம் கேட்டேன், பெயர் சொல்லாமல்: "ஒருத்தர் உங்கிட்ட பெரிய விஷயத்த மறைச்சுட்டார். நீ தெரியாமலே மன்னிச்சுட்டே. அப்புறம் அவரே வந்து, மன்னிக்காதே, நான் பண்ணது இதைவிட மோசம்னு முழுசையும் சொல்றார். அவரை என்ன பண்ணுவே?"

நின்று யோசித்தான். "அறைவேன்" என்றான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "ஆனா அதுக்கப்புறம் அவன் என்ன சொன்னாலும் நம்புவேன்" என்றான்.

கோபம் போகவில்லை, கிளெப். போகுமா என்றும் தெரியவில்லை. ஆனால் இந்த உலகத்தில் எனக்குக் கெட்ட செய்தி சொல்லத் தகுந்த ஆள் யார் என்று கேட்டால், பிப்ரவரி பதினேழாம் தேதி அந்தக் கடிதத்தை எழுதித் தபாலில் போட்ட ஆள்தான். ஸோயாவின் பெயரை அடித்துவிட்டு உன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு நிபந்தனை. உடனே சொல்ல வேண்டும். முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும்.

மே பதினாறாம் தேதி ஏவுதளம் இருக்கும் பைக்கனூருக்குப் போகிறோம். கிளம்பும் நாளில் நீயும் அம்மாவும் அங்கே வர ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எங்களுக்குத் தொற்று வராமலிருக்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் பேச முடியும். வாருங்கள்.

வார்யா


கினேஷ்மா
மே 21

அன்புள்ள வார்யாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். மாஸ்கோவிலிருந்து பைக்கனூருக்கு விமானம் ஏறும் உங்கள் ஆள் ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று போனில், "அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சுபோச்சு, மருத்துவமனையில இருக்கா, உயிரோட இருக்கா" என்றேன். ஒரே மூச்சில். நீ, "சொன்னதுக்கு நன்றி" என்று வைத்துவிட்டாய். அதனால் மிச்சத்தை எழுதுகிறேன்.

உன்னைப் பார்க்க வர, அலமாரி மேலிருந்த புது மேலங்கியை எடுக்க ஸ்டூலில் ஏறினாள். ஸ்டூல் புரண்டது. 23-ஆம் தேதி அறுவை சிகிச்சை. எழுபத்தாறு வயது, இதயமும் அவ்வளவு நன்றாக இல்லை, மயக்க மருந்து தாங்குமா என்று அவர்களுக்கே தெரியவில்லை. இதைவிடக் குறைத்தும் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை.

உனக்குப் பதிலாகப் போக இன்னொருத்தி தயாராக இருக்கிறாள் என்று தெரியும். நீ போனை வைத்ததும், கெடுத்துவிட்டேனே, நீ கிளம்பும்வரை எட்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாமே என்றுதான் முதலில் தோன்றியது. அந்தப் பழைய புத்தி. ஆனால் முடிவு செய்ய வேண்டியவள் நீ. என்ன செய்தாலும் சரி. வருகிறாய் என்றால் ரயில் நிலையத்தில் நிற்பேன்.

கிளெப்


பைக்கனூர்
மே 26

அண்ணா,

நலம். நேற்று நீ சொன்ன பிறகு இன்னும் நலம். அம்மா கஞ்சியில் உப்பில்லை என்று நர்ஸைத் திட்டினாள் என்று கேட்டதும்தான் எனக்குப் பசித்தது.

அன்று நன்றி சொல்லிவிட்டு வைத்ததும் என்ன செய்தேன் என்று உனக்குச் சொல்லவில்லையே. நேரே ஸோயாவிடம் போய்ச் சொன்னேன். லாஸேவையும் வெண்டலையும் கூப்பிட்டுச் சொன்னேன். நான் இல்லாவிட்டால் பயிற்சி செய்த குழு உடைகிறது. அவர்களுக்கும் தெரிய வேண்டும். வெண்டல் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நாங்க யார்கூட வேணும்னாலும் பறப்போம். நீ உங்கம்மாவைப் பாரு" என்றான். இலக்கணப் பிழையே இல்லாமல் அவன் பேசிய முதல் வாக்கியம். ஸோயா மறுநாள் மத்தியானம்வரை நேரம் கொடுத்தார்.

மறுநாள் காலையில் நீ அம்மாவின் காதில் போனை வைத்துவிட்டு விலகிப் போனாய் அல்லவா, அப்போது அவள் என்ன சொன்னாள் என்று நீ கேட்கவில்லை. சொல்கிறேன்.

"என்னடி, நீ வந்து என் இடுப்பை ஒட்டப் போறியா? டாக்டர் இருக்கான். பாக்கச் சின்னப் பையனாட்டம் இருக்கான், ஆனா கை சூடா இருக்கு" என்றாள். வரட்டுமா என்று மூன்று தடவை கத்திக் கேட்டேன். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பயமாத்தான் இருக்கு வார்யா. ஆனா நீ வந்து பக்கத்துல உக்காந்தா, ஓ, அவ்வளவு மோசமான்னு இன்னும் பயந்துபோவேன். நீ கிளம்பு. எனக்குப் பாக்க ஏதாவது வேணுமில்ல."

முடிவை ஸோயாவிடம் சொன்னேன். 23-ஆம் தேதி முழுக்க பயணக் குறிப்புகளை ஒரே பக்கத்தைத் திறந்துவைத்துப் படித்தேன். கடைசியில் நீ கூப்பிட்டு, பிழைத்துவிட்டாள் என்றாய்.

இப்போது கட்டிலின் தலைமாட்டைத் தாழ்த்திவைத்துப் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள், தலையில் ரத்தம் ஏறிப் பழக. இந்த எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். நீ அம்மா பக்கத்திலேயே இரு. இங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உனக்காகக் காலி நாற்காலி ஒன்று கிடக்கும், பரவாயில்லை.

அவள் நெற்றியில் என் முத்தத்தை வை.
வார்யா


விண்வெளி நிலையம்
செப்டம்பர் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். இரண்டரை சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறேன். நீயும் அம்மாவும் நலம் என்று போன வாரம் கேட்டேன்; இந்த வாரமும் அப்படியே இருக்கட்டும். எங்களுக்கு முன்பே இங்கே வந்திருந்த பழைய குழு நாளை மறுநாள் கீழே இறங்குகிறது. அவர்களில் ஒருவர் இதை உடைக்குள் வைத்துக்கொண்டு வந்து தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

போனில் சொல்ல முடியாததற்காக எழுதுகிறேன்.

ஜூலையில், "உன் அண்ணன் லைன்ல இருக்கார்" என்று கீழேயிருந்து சொன்னபோது, அம்மாவுக்கு நிமோனியா என்றாய். முதல் வாக்கியத்திலேயே சொன்னாய். அன்று லாஸே என் வேலையையும் சேர்த்துச் செய்தான். பதினோரு நாள் நீ தினமும் கூப்பிட்டாய். "இன்னிக்கும் அப்படியேதான்" என்று ஒரு நாளைப்போல் சொன்னாய். நல்ல வார்த்தையாக ஏதாவது சொல்லிவிடக் கூடாதா என்று ஒருநாள் உன்மேல் எரிச்சல்கூட வந்தது. நீ சொல்லவில்லை. அதனால்தான் பன்னிரண்டாம் நாள், "காய்ச்சல் விட்டுடுச்சு" என்றபோது, கேட்ட கணமே நம்ப முடிந்தது.

ஆகஸ்ட் கடைசியில் மறுபடி, "உன் அண்ணன் லைன்ல இருக்கார்" என்றார்கள். அழைக்க வேண்டிய நாளும் இல்லை, நேரமும் இல்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன். வெண்டல் பக்கத்தில் வந்து மிதந்தான்.

"அம்மா நடந்துட்டா" என்றாய்.

"என்ன?"

"கட்டில்லேருந்து அடுப்பு வரைக்கும். ஏழு அடி. நான் எண்ணினேன்."

"அண்ணா, இது அவசர லைன்."

"எனக்கும் அவசரம்தான்" என்றாய். பின்னால் அம்மா, அரசாங்கத்து போனில் ஊர்வம்பு பேசுகிறானே என்று உன்னைத் திட்டுவது கேட்டது. வெண்டல் ஒன்றும் புரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அழுதுகொண்டே சிரித்ததைக் கண்டு, நம் மொழியில் இன்னும் ஏதோ சொல்லைத் தப்பாகப் படித்திருக்கிறோம் என்று நினைத்திருப்பான்.

அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழு அடியை எண்ணிச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறான். அப்பாவின் அந்த இரண்டு நாளையும் அவன் அப்படித்தான் எண்ணி வைத்திருப்பான்.

நவம்பரில் இறங்குகிறேன். மறுபடி நடக்கப் பழகும்வரை, இரண்டு மூன்று வாரம் எங்களை நட்சத்திர நகரத்தை விட்டு வெளியே விடமாட்டார்கள். அம்மாவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு நீ மட்டும் வா. ஞாயிறு காலையிலிருந்து ஆரம்பி. அவர் என்ன போட்டுக்கொண்டிருந்தார், ஜன்னல் எந்தப் பக்கம், என்ன சாப்பிட்டார், என்னைப் பற்றி வேறு என்ன கேட்டார், எல்லாவற்றையும் வரிசையாகச் சொல். சவரம் பண்ணிய பிறகு கண்ணாடி கேட்டாரா என்று சொல். எனக்குக் கோபம் வரும். நடுவில் எழுந்து போய்விட நினைப்பேன். ஆனால் அப்போது எனக்கு நடக்க வராது. நீ நிறுத்தாதே, அண்ணா. செவ்வாய் மாலை வரைக்கும் சொல்லு.

உன்
வார்யா